சென்னை ஃபிளாட்ல ரீஃப் டேங்க் சிஸ்டம் கட்டப் போறீங்களா? கண்ணாடி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வீட்டுல பவளமும் கடல் மீனும் வளர்க்குற ரீஃப் டேங்க் வைக்கணும்னு ஆசைப்பட்டு ரெண்டாவது மாடி ஃபிளாட்ல ஒரு சிஸ்டம் கட்டி முடிக்க எனக்கு பதினோரு மாசம் ஆச்சு. சரியான வரிசையில செஞ்சிருந்தா அஞ்சு மாசத்துல முடிஞ்சிருக்கும், ஆறு மீனும் செத்திருக்காது, கீழ்வீட்டு சீலிங்ல தண்ணி ஒழுகியிருக்காது. நான் பார்வைக்கு அழகா இருக்குற பெரிய டேங்க்ல ஆரம்பிச்சேன். நீங்க சம்ப் (கீழ வைக்குற ஃபில்டர் டேங்க்), கரண்ட், குவாரண்டைன் டேங்க் (புது மீனைக் கொஞ்ச நாள் தனியா வைக்குற டேங்க்), பேப்பர்னு கண்ணுக்குத் தெரியாத விஷயத்துல இருந்து ஆரம்பிங்க. உங்களுக்கு நல்ல தண்ணி மீன் வளர்த்து கொஞ்சம் அனுபவம் இருக்கு, கடல் தண்ணிக்குப் புதுசுன்னு நினைச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

1. எத்தனை டேங்க், எதுக்குன்னு முதல்ல பேப்பர்ல வரைங்க

என் சிஸ்டம் இதுதான். ஹால்ல 4க்கு 2க்கு 2 அடி டிஸ்ப்ளே டேங்க். பக்கத்துல 3க்கு 2க்கு 1 அடில ஒரு ஃப்ராக் டேங்க், பவளத்தை சின்னச் சின்ன துண்டா வளர்க்குறதுக்கு. ரெண்டுக்கும் கீழ ஒரே சம்ப், 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதுக்குள்ளயே கழிவை நுரையா பிரிச்சு எடுக்குற ஸ்கிம்மரும், சீட்டோ பாசி வளர்க்குற ஒரு அறையும். பெட்ரூம் மூலையில தனியா ஒரு 2 அடி குவாரண்டைன் டேங்க். பால்கனில ரெண்டு டிரம், ஒண்ணு ஆர்ஓ தண்ணிக்கு, இன்னொண்ணு உப்பு கலக்க. நம்ம ஊர்ல சம்ப்னா தரைக்கடியில இருக்குற தண்ணித் தொட்டின்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, அதனால பிளம்பர் கிட்ட பேசும்போது ஸ்டாண்டுக்குள்ள வைக்குற ஃபில்டர் டேங்க்னு படத்தோட காட்டிடுங்க.

டேங்குகளை ஒரே சம்ப்ல சேர்த்தா மொத்தத் தண்ணி அளவு கூடும், அதனால உப்பும் சூடும் சட்டுனு மாறாது, ஒரே ஸ்கிம்மர், தண்ணியைக் குளிர வைக்குற ஒரே சில்லர் போதும். ஆனா ஒரு டேங்க்ல நோய் வந்தா எல்லாத்துக்கும் போயிடும். அதனாலதான் குவாரண்டைன் டேங்க் மட்டும் எந்த பைப்லயும் சேரக்கூடாது, வலை, வாளி, டியூப் எல்லாமே அதுக்குன்னு தனியா இருக்கணும்.

2. தரை தாங்குமான்னு கேளுங்க, எழுத்துல வாங்குங்க

4க்கு 2க்கு 2 டேங்க்னா 16 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 450 லிட்டர். தண்ணி மட்டுமே 460 கிலோவுக்கு மேல, 12 எம்எம் கண்ணாடி ஒரு 90 கிலோ, அப்புறம் ஸ்டாண்டு, கல், மண், சம்ப் தண்ணின்னு சேர்த்தா 750 கிலோவைத் தாண்டும், அது மொத்தமும் 8 சதுர அடில நிக்குது. வீட்டுத் தளத்துக்கு பொதுவா சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம்னு கணக்குப் போட்டுதான் டிசைன் பண்ணுவாங்க. அந்தக் கணக்கு முழு ரூமுக்கும் பரவலா வர்ற பாரத்துக்கு, அதனால டேங்க் வச்ச உடனே தளம் உடைஞ்சிடும்னு அர்த்தமில்ல, ஆனா பீம் எங்க ஓடுதுன்னு தெரியாம ரூம் நடுவுல வைக்கக்கூடாது. கட்டடத்தோட ஸ்ட்ரக்சுரல் டிராயிங் பில்டர்கிட்ட இல்லைன்னா அசோசியேஷன்ல கேளுங்க, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைச்சு இடத்தைக் காட்டுங்க. எனக்கு 4,000 ரூபா ஆச்சு. அவர் காட்டின சுவர் நான் நினைச்ச சுவர் இல்ல.

வாங்கி ஃபைல்ல வைக்க வேண்டியது: இன்ஜினியர் லெட்டர், அசோசியேஷன் அனுமதி, வாடகை வீடுன்னா ஓனர் கையெழுத்து. கீழ்வீட்டுக்காரங்க கிட்ட நீங்களே போய் முன்கூட்டி சொல்லிடுங்க. ஒழுகினதுக்கு அப்புறம் போய் நிக்குறது ரொம்ப சங்கடம், நான் நின்னிருக்கேன்.

3. எதை வளர்க்கலாம், எதைத் தொடவே கூடாது

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ன் அட்டவணையில பாறை கட்டுற கல் பவளங்கள் எல்லாமே இருக்கு. கடையில எஸ்பிஎஸ் (சின்ன பாலிப் கல் பவளம்), எல்பிஎஸ்னு (பெரிய பாலிப் கல் பவளம்) சொல்ற அக்ரோபோரா, டார்ச், ஹேம்மர் எல்லாம் இதுலதான் வரும். கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும் பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு. முதல் அட்டவணை உயிர்கள் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரை ஜெயில் இருக்கு.

"சார், இது இம்போர்ட், இதுக்கு சட்டம் கிடையாது"ன்னு கடையில சொல்லுவாங்க. கல் பவளங்கள் எல்லாம், அழியுற ஆபத்துல இருக்குற உயிர்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்லயும் இருக்கு, ஏற்றுமதி பண்ற நாட்டோட சைட்டிஸ் பெர்மிட்ல இருந்து இங்க இறக்குமதி ஆன பேப்பர் வரைக்கும் சங்கிலி மாதிரி தொடர்ந்து இருக்கணும். அது போக, சட்டத்தோட நாலாவது அட்டவணையில (சைட்டிஸ் பட்டியல் உயிர்கள்) வர்ற உயிருள்ள விலங்குகளை வச்சிருக்குறவங்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 போர்ட்டல்ல பதிவு பண்ணணும்னு 2024ல விதி வந்தாச்சு. கடை பில் இதுல எதுக்கும் ஈடு ஆகாது. சந்தேகம் இருந்தா வாங்குறதுக்கு முன்னாடி வனத்துறையோட வைல்ட்லைஃப் வார்டன் ஆபீஸ்ல எழுதிக் கேளுங்க. நான் எடுத்த முடிவு எளிமையானது, கல் பவளமே வேண்டாம். மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர், கென்யா ட்ரீ மாதிரி கல் கூடு கட்டாத சாஃப்ட் பவளங்களை மட்டும் வளர்க்குறேன், அதுக்கும் இம்போர்ட் பில் காப்பி வாங்காம காசு கொடுக்குறதில்ல. கல் பவளத்துக்குத் தேவைப்படுற கால்சியம் டோசிங், ரியாக்டர் செலவும் இதுல மிச்சம்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துல இருந்து வந்த லைவ் ராக்னு (கடல்ல இருந்து உயிர்களோட எடுத்த கல்) யாராவது கொடுத்தா வாங்காதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சுத்தி இருக்குறது தேசியப் பூங்கா, அங்க இருந்து வர்ற கல்லு செத்துப்போன பவளமா இருந்தாலும் பவளம்தான். செராமிக்ல செஞ்ச செயற்கை ராக் கிடைக்குது, அதுவே போதும், தேவையில்லாத பூச்சியும் கூட வராது. மீன்லயும் ஹேச்சரில பொரிச்ச க்ளவுன் ஃபிஷ் கேட்டு வாங்குங்க. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் குஞ்சு பொரிக்குற முறையை இங்கயே உருவாக்கியிருக்கு, ஹேச்சரி மீன் டேங்க் வாழ்க்கைக்குப் பழகினது, உலர் தீனியும் சாப்பிடும்.

4. செலவு

நான் கட்டினப்போ எனக்கு ஆனது, ரவுண்டா சொல்றேன், உங்களுக்கு முன்னப்பின்ன ஆகும். மூணு கண்ணாடி டேங்கும் சம்பும் 62,000. இரும்பு ஸ்டாண்டு 18,000. சில்லர் 42,000. லைட் ரெண்டு டேங்குக்கும் 38,000. ஸ்கிம்மர் 16,000. ரிட்டர்ன் பம்ப் (சம்ப் தண்ணியை மேல ஏத்துறது), வேவ்மேக்கர் (டேங்க்ல நீரோட்டம் உண்டாக்குறது) 24,000. ஆர்ஓ டிஐ யூனிட் (தண்ணில கரைஞ்சதை எல்லாம் நீக்குற ஃபில்டர்) 11,000. பைப், வால்வு, எலக்ட்ரிக்கல் வேலை 15,000. கல், மண், முதல் தடவை உப்பு 30,000. டெஸ்ட் கிட், உப்பளவு பாக்குற ரிஃப்ராக்டோமீட்டர் 10,000. உயிர் ஒண்ணு கூட வாங்காமலே ரெண்டே முக்கால் லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி.

கையைக் கடிக்குறது மாசச் செலவுதான். உப்பு, ஃபில்டர், தீனி சேர்த்து மாசம் 5,000 வரை. கரண்ட்: பம்ப், வேவ்மேக்கர், ஸ்கிம்மர் 24 மணி நேரமும் ஓடினா நாளைக்கு 3 யூனிட், லைட் ரெண்டரை, சில்லர் வெயில் காலத்துல 3 யூனிட்னு ஒரு நாளைக்கு எட்டரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல. நம்ம வீட்டு உபயோகத்தோட இது சேரும்போது 500 யூனிட் எல்லையைத் தாண்டிடும், தமிழ்நாட்டுல அந்த எல்லையைத் தாண்டினா கீழ் ஸ்லாப் ரேட்டும் சேர்ந்து மாறும், டேங்க் இழுக்குற யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டா ஏமாந்துடுவீங்க. இதை வீட்டுல எல்லாரோடயும் உக்காந்து பேசிட்டு அப்புறம் இறங்குங்க.

5. கண்ணாடி, ஸ்டாண்டு, பைப்

கொளத்தூர்ல டேங்க் ஒட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா ஓவர்ஃப்ளோ பாக்ஸும் (மேல வழியுற தண்ணியை சம்புக்கு இறக்குற பெட்டி) துளையும் போட்டு கடல் டேங்க் செஞ்ச அனுபவம் இருக்கான்னு கேட்டு, அவங்க செஞ்ச ஒரு டேங்கையாவது நேர்ல பாருங்க. துளை போட்டதுக்கு அப்புறம் இடம் மாத்த முடியாது, அதனால பைப் வரைபடம் முடிஞ்சதும்தான் ஆர்டர் கொடுக்கணும். பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் வேண்டாம்னு தெளிவா சொல்லுங்க. ஒட்டி ஒரு வாரம் காயணும், அப்புறம் அவங்க இடத்துலயே தண்ணி நிரப்பி ரெண்டு நாள், உங்க வீட்டுல ஸ்டாண்டு மேல வச்சு ஒரு வாரம். மூணு வாரம்னு சொன்னா ஆறு வாரம்னு எழுதிக்கோங்க.

ஸ்டாண்டு இரும்புன்னா பவுடர் கோட்டிங் கட்டாயம், வெல்டிங் ஓரத்துல ஒரு கீறல் இருந்தாலும் உப்புக்காத்து அரிச்சுடும். பிளைவுட்னா தண்ணி தாங்குற பிடபிள்யூபி கிரேடு கேளுங்க.

பைப்ல ஒரு பொறி இருக்கு, எனக்கு ஒரு வாரம் போச்சு. கடையில மலிவா கிடைக்குற சாதாரண பிவிசி பைப் எம்எம் கணக்கு, பிளம்பிங்குக்கு வர்ற வெள்ளை யூபிவிசி இன்ச் கணக்கு. 32 எம்எம்மும் 1 இன்ச்சும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணுல ஒண்ணு சேராது, பசை வச்சு அமுக்கினா அன்னிக்கு நிக்கும், அடுத்த மாசம் கசியும். ஒரே வகையை எடுத்து எல்லாத்தையும் அதுலயே வாங்குங்க. ஒவ்வொரு டேங்குக்கும் போற லைன்ல ஒரு பால் வால்வு, பம்புக்கு ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுற யூனியன். ரிட்டர்ன் பம்ப்ல இருந்து ஒரு மேனிஃபோல்டு (கிளை பிரியுற பைப்) போட்டு ஃப்ராக் டேங்க், சில்லர் ரெண்டுக்கும் கிளை எடுத்துடலாம். டிஸ்ப்ளேல இருந்து இறங்குற பைப் ஒண்ணே ஒண்ணா இருக்கக்கூடாது, நத்தை போய் அடைச்சுக்கிட்டா தண்ணி ஹால்ல வந்து நிக்கும். குறைஞ்சது ரெண்டு, ஒண்ணு ஓட, இன்னொண்ணு அவசரத்துக்கு சும்மா.

6. சம்ப் கணக்கு: இதைத் தப்பா போட்டா வீடு நனையும்

கரண்ட் போன உடனே ரிட்டர்ன் பம்ப் நிக்கும், மேல இருக்குற தண்ணி ஓவர்ஃப்ளோ விளிம்பு வரைக்கும், ரிட்டர்ன் பைப் முனை வரைக்கும் கீழ இறங்கும். அந்தத் தண்ணிக்கு சம்ப்ல காலி இடம் இருக்கணும். எனக்கு இது தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போய், காலைல எழுந்து கால் வச்சா ஹால் முழுக்க உப்புத் தண்ணி, கீழ்வீட்டுல சீலிங் ஓதம்.

கணக்கு இப்படிப் போடுங்க. டிஸ்ப்ளே 8 சதுர அடி, ஒரு இன்ச் இறங்கினா 19 லிட்டர். ஃப்ராக் டேங்க் 6 சதுர அடி, ஒரு இன்ச்சுக்கு 14 லிட்டர். ரெண்டுலயும் ஒன்றரை இன்ச் இறங்குதுன்னு வைங்க, 28ம் 21ம் சேர்ந்து 49, பைப்லயும் ஓவர்ஃப்ளோ பாக்ஸ்லயும் நிக்குறது ஒரு 11, ஆக 60 லிட்டர். என் சம்ப்ல ஒரு இன்ச்சுக்கு பத்தரை லிட்டர் பிடிக்கும். அப்போ கிட்டத்தட்ட 6 இன்ச் காலியா இருக்கணும், நான் 8 விடுறேன். 18 இன்ச் சம்ப்ல 10 இன்ச்சுக்கு மேல தண்ணி ஓடாது, அந்த இடத்துல மார்க்கரால கோடு போட்டு வச்சிருக்கேன், வீட்டுல யாரும் அதைத் தாண்டி ஊத்தக்கூடாது.

ரிட்டர்ன் பைப்ல தண்ணி மட்டத்துக்கு ஒட்டிக் கீழ ஒரு சின்ன ஓட்டை போடுங்க, மட்டம் அதுக்குக் கீழ போன உடனே காத்து உள்ள இழுத்து, தண்ணியைத் தானா கீழ இழுக்குற சைஃபன் அறுந்துடும். அந்த ஓட்டையை மாசம் ஒரு தடவை பல்குத்தியால சுத்தம் பண்ணுங்க, பாசி மூடிடும். இதுக்குப் பதிலா செக் வால்வ் போட்டா போதும்னு சொல்லுவாங்க, அதுல ஒரு நத்தை ஓடு, ஒரு உப்புக் கட்டி மாட்டினா மூடாது, அதை மட்டும் நம்பாதீங்க. மீன் விடுறதுக்கு முன்னாடி பத்து தடவையாவது மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிப் பாருங்க, திரும்ப ஆன் பண்ணும்போதும் பக்கத்துல நில்லுங்க.

7. கரண்ட், சூடு, பவர் கட்

டேங்க் லைனுக்குன்னு தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்குற சுவிட்ச்) போடச் சொல்லுங்க, இதுல பேரமே பேசாதீங்க, உப்புத் தண்ணியும் கரண்டும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு இறங்கி மேல ஏறணும், அப்பதான் ஒயர் வழியா வர்ற சொட்டு பிளக்குக்குள்ள போகாது. பிளக் பாயின்ட் சம்புக்கு மேல வேண்டாம், பக்கத்துச் சுவர்ல வைங்க.

சென்னைல ஹீட்டர் வாங்காதீங்க, சில்லர் வாங்குங்க. டேங்க் 25ல இருந்து 27 டிகிரி வரை இருக்கணும், மே மாசம் என் டேங்க் 31 போச்சு. ஃபேன் வச்சா ஆவியாகிக் குளிரும்தான், ஆனா கடற்கரை ஊர் ஈரப்பதத்துல அது கொஞ்சம்தான் இறக்கும். சில்லரை ஸ்டாண்டு கதவுக்குள்ள வைக்காதீங்க, அது விடுற சூட்டை அதுவே திரும்ப இழுக்கும். நான் பால்கனி பக்கம் தள்ளி வச்சதும் அது ஓடுற நேரம் நல்லாவே குறைஞ்சது.

இன்வெர்ட்டர்ல ரிட்டர்ன் பம்பும் ஒரு வேவ்மேக்கரும் மட்டும் போடுங்க, சில்லரும் லைட்டும் வேண்டாம். 100 வாட் லோடுக்கு ஒரு 150 ஏஎச் பேட்டரி எட்டு மணி நேரத்துக்கு மேல தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர்னு பாத்து வாங்குங்க, இல்லைன்னா பம்ப் உறுமி சூடாகும். புயல் சீசனுக்கு பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ரெண்டு வாங்கி வச்சுக்கோங்க, விலை சில நூறு ரூபாதான், நீளமான பவர் கட்ல மீனைக் காப்பாத்துறது அதுதான்.

8. தண்ணி

போர் தண்ணி, மெட்ரோ லாரி தண்ணி, எதுவா இருந்தாலும் ஆர்ஓ டிஐ வழியா டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற பொருளோட அளவு) சைபர் ஆகணும். கிச்சன்ல இருக்குற ஆர்ஓ தண்ணியைப் பயன்படுத்தாதீங்க. அதுல டிடிஎஸ் கன்ட்ரோலர், மினரல் சேர்க்குற கேட்ரிட்ஜ், சிலதுல காப்பர் கேட்ரிட்ஜ் கூட இருக்கு. காப்பர் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். அந்தத் தண்ணிதான் நான் முதல்ல ஊத்தினேன், பன்னெண்டு நத்தையும் நாலே நாள்ல போயிடுச்சு, காரணம் கண்டுபிடிக்க ஒரு மாசம். பீச்சுல இருந்து கடல் தண்ணி கொண்டு வரலாமான்னும் கேப்பாங்க. கூவம், அடையாறு முகத்துவாரம் ரெண்டும் நம்ம கரையிலதான் இருக்கு, வேண்டாம்.

என் சிஸ்டத்துல கல், மண் இடம் போக 650 லிட்டர். ஒரு லிட்டருக்கு 36 கிராம்னா 23 கிலோ உப்பு. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் வரை வேஸ்ட் போகும், முதல் நிரப்புக்கு 2,500 லிட்டருக்கு மேல இழுக்கும், கோடைல தண்ணி கஷ்டம் இருக்குறப்ப ஆரம்பிக்காதீங்க. வேஸ்ட் தண்ணியை டிரம்ல பிடிச்சு வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு வச்சுக்கலாம். தண்ணில உப்பைப் போடுங்க, உப்பு மேல தண்ணியை ஊத்தாதீங்க, பம்ப் போட்டு ஒரு நாள் கலக்கட்டும். உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருக்கணும், அதாவது ஒப்படர்த்தி 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவத்தை வச்சு சரிபாருங்க, சாதா தண்ணில பண்ணினா தப்பு காட்டலாம். ஆவியாகிற தண்ணிக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணி மட்டும்தான், அதுக்கு மட்டம் குறைஞ்சா தானா நிரப்புற, ஃப்ளோட் சுவிட்ச் வச்ச ஆட்டோ டாப் அப் போட்டுடுங்க, எனக்கு நாளைக்கு 7 லிட்டர் போகுது.

9. சைக்கிள்

சைக்கிள்னா மீன் கழிவுல வர்ற அம்மோனியாவைச் சிதைக்குற பாக்டீரியாவை டேங்க்ல வளர்த்துக்குறது. கல், மண், தண்ணி போட்டதும் அம்மோனியம் குளோரைடு 2 பிபிஎம் வர்ற மாதிரி விடுங்க, பாட்டில் பாக்டீரியா சேர்த்துக்கலாம். லைட் ஆஃப்லயே இருக்கட்டும். விட்ட அம்மோனியா 24 மணி நேரத்துல சைபர் ஆகி நைட்ரைட்டும் சைபர் ஆச்சுன்னா சைக்கிள் முடிஞ்சது, நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுக்கு அப்புறம் பழுப்புத் தூள், பச்சை முடிப் பாசின்னு ரெண்டு மாசம் டேங்க் அசிங்கமா இருக்கும். இந்த நேரத்துல பயந்து போய் மருந்து ஊத்துறவங்கதான் அதிகம். வாரம் பத்து பெர்சென்ட் தண்ணி மாத்துங்க, நத்தை விடுங்க, காத்திருங்க.

10. குவாரண்டைன்

மெயின் டேங்க் சைக்கிள் ஆகும்போதே இதுவும் ஓடட்டும். ஸ்பாஞ்சு ஃபில்டர், ரெண்டு பிவிசி பைப் துண்டு மறைவிடமா, மூடி, அவ்வளவுதான், மண்ணும் கல்லும் போட்டா மருந்தை உறிஞ்சிடும். நான் கடையில பார்த்த அன்னிக்கே ஒரு மீனை நேரா டிஸ்ப்ளேல விட்டேன், ஒரு வாரத்துல வெள்ளைப் புள்ளி நோய், மூணு வாரத்துல ஆறு மீனும் போச்சு. அந்த ஒட்டுண்ணி மீன் மேல இருந்து விழுந்து கல்லுலயும் மண்ணுலயும் உறை கட்டி உக்காந்திருக்கும், பவளம் இருக்குற டேங்க்ல அதைக் கொல்லுற காப்பர் மருந்து போட முடியாது, அதனால மீனே இல்லாம 76 நாள் விடணும். எல்லா டேங்கும் ஒரே சம்ப்ல இருந்ததால ஃப்ராக் டேங்குக்கும் அதே 76 நாள்.

ஒவ்வொரு மீனும் குறைஞ்சது ஒரு மாசம் இங்க இருக்கணும். பவளத்துக்கும் டிப் போட்டு (பூச்சி போக மருந்துத் தண்ணில முக்கி), அது ஒட்டியிருக்குற கட்டையைக் கழட்டிட்டு உள்ள விடுங்க. ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஜோவாந்திட்லயும் பாலித்தோவாலயும் பாலிடாக்சின்னு கடுமையான விஷம் இருக்கலாம். வெட்டும்போது கையுறை, கண்ணாடி போடுங்க, அது ஒட்டின கல்லை சுத்தம் பண்றேன்னு வெந்நீர்ல கொதிக்க வைக்கவே வைக்காதீங்க, அந்த ஆவியை மூச்சுல இழுத்தா ஆஸ்பத்திரிதான்.

11. எது எப்போ

முதல் மாசம் பேப்பர், இன்ஜினியர், ஆர்டர். ரெண்டாவது மாசம் டேங்க் வந்து ஒழுகல் டெஸ்ட், கரண்ட் கட் டெஸ்ட். அடுத்த ஒன்றரை மாசம் சைக்கிள், அதே நேரம் முதல் ஜோடி க்ளவுன் குவாரண்டைன்ல. அப்புறம் நத்தை, க்ளவுன். ரெண்டு வாரம் கழிச்சு மஷ்ரூம், லெதர், லைட் முப்பது பெர்சென்ட்ல ஆரம்பிச்சு மாசம் முழுக்க மெல்ல ஏத்துங்க. அப்புறம் கோபி, ப்ளெனி மாதிரி சாந்தமான சின்ன மீன், குவாரண்டைன் முடிஞ்சு ஒவ்வொண்ணா. டேம்செல் விலை கம்மின்னு முதல்ல விட்டுடாதீங்க, அது இடம் பிடிச்சுக்கிட்டா பின்னாடி வர்ற எதையும் வாழ விடாது, பிடிக்கணும்னா கல் மொத்தத்தையும் கலைக்கணும். நீல டாங் கேட்டு பசங்க அடம் பிடிப்பாங்க, அது ஒரு அடி வளர்ற மீன், 4 அடி டேங்குக்கு வேண்டாம். அனிமோன் வேணும்னா ஆறு மாசம் கழிச்சு, அப்பவும் வேவ்மேக்கர் எல்லாத்துக்கும் வலை மூடி போட்டுட்டு.

12. ஊருக்குப் போறப்ப

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாலு நாள் வீட்டைப் பூட்டிட்டுப் போகத்தான் போறீங்க. ஒவ்வொரு வால்வுலயும் பிளக்லயும் தமிழ்ல பேரெழுதி ஒட்டுங்க. தீனியை ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு மாத்திரை டப்பால பிரிச்சு வச்சுட்டு மெயின் டப்பாவை ஒளிச்சு வைங்க, பாவம்னு அள்ளிப் போட்டாதான் அம்மோனியா ஏறும். ஆர்ஓ டிரம்மை நிரப்பிட்டுப் போங்க. சாவி யார்கிட்ட இருக்கோ அவங்களைக் கூட்டி வந்து, நீங்க பக்கத்துல நிக்கும்போதே மெயினை ஆஃப் பண்ணி, தண்ணி எவ்வளவு ஏறுது, சம்ப் கோடு எங்க இருக்குன்னு காட்டி, திரும்ப ஆன் பண்றதை அவங்க கையாலயே ஒரு தடவை செய்ய வைங்க. என் சாவி கீழ்வீட்டு அக்காகிட்டதான் இருக்கு.